டொக்டர் மனைவி, மாஸ்டர் கணவர்: உறையில் யார் முன்னுக்கு?

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் எங்கள் அச்சகத்துக்குக் கலியாணக் காட் அடிக்க வருகிறவர்களை விட, உறையில் பெயர் எழுதுவது எப்படி என்று கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். அழைப்பிதழில் பிழை என்றால் திருப்பி அடிக்கலாம். உறையில் பிழை விட்டால் சொந்தம் பந்திக்கு வராது. இந்த முறை வந்த கேள்விகளில் சில.

கணவரின் தங்கை டொக்டர், அவருடைய கணவர் ஆசிரியர். ‘திரு. திருமதி ரவீந்திரன்’ என்று எழுதினால் போதாதா? (வாசகி, கோண்டாவில்)

போதாது. அதில் உங்கள் மச்சாளின் பட்டமும் இல்லை, பெயரும் இல்லை. இரண்டு வரியாக எழுதுங்கள்: மேலே ‘வைத்தியர் வாசுகி ரவீந்திரன்’, கீழே ‘திரு. க. ரவீந்திரன்’. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே முறைதான். பட்டம் உள்ளவர் முன்னுக்கு வருவார், அது மனைவியாக இருந்தாலும். மாஸ்டருக்கு மனம் நோகும் என்று பயந்தால் அவர் பெயரை மேலே போடுங்கள், குடி முழுகாது. மச்சாளின் பட்டம் மட்டும் விழக்கூடாது.

இன்னொன்று, ‘டொக்டர் திரு. திருமதி ரவீந்திரன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி ஒரு உறை வாங்கிய மாஸ்டர் ஒருவர் என்னிடம் அதைக் காட்டி, “ஒரே நாளில என்னையும் டொக்டராக்கிப் போட்டாங்கள்” என்று சிரித்தார். அவர் சிரித்தார், எல்லாரும் சிரிப்பார்கள் என்றில்லை.

இருவருமே மருத்துவர்கள். டொக்டரா, வைத்தியரா, வைத்திய கலாநிதியா? (வாசகர், மானிப்பாய்)

மானிப்பாய்க்காரரே இப்படிக் கேட்கலாமா? 1848 இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் உங்கள் ஊரில்தான் மேலைநாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பிறகு பாடத்தையே தமிழுக்கு மாற்றி, நூல்களையும் தமிழாக்கினார். ‘வைத்தியர்கள் நளினி, சிவரூபன்’ என்று தமிழில் எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. வைத்தியர் என்றால் நாட்டு மருந்து கொடுக்கும் பரியாரியார் என்று நினைக்கும் மூத்த தலைமுறைக்கு ‘வைத்திய கலாநிதி’ என்று போடுங்கள். வெறும் ‘கலாநிதி’ வேண்டாம். அது ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவருக்கு உரியது, தமிழ்நாட்டில் முனைவர் என்கிறார்களே, அது.

சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிலர் ஆங்கிலத்தில் ‘மிஸ்டர்’ என்றே போட்டுக்கொள்வார்கள். இது பிரித்தானியாவில் இருந்து வந்த பழக்கம். லண்டனில் 1745 வரை அவர்கள் நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்தார்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் டொக்டர் என்ற பெயரும் கிடைக்கவில்லை. அந்தக் குறையே பின்னால் பெருமையாகிவிட்டது. தமிழ் உறைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

அவர் பேராசிரியர், மனைவி கலாநிதி. ‘பேராசிரியர் கலாநிதி’ என்று இரண்டும் எழுதவேண்டுமா? (வாசகி, திருநெல்வேலி)

ஜேர்மனியில் அப்படி அடுக்குவார்கள். இங்கே பேராசிரியர் என்றால் போதும். அடுத்த வரியில் ‘கலாநிதி’ போட்டு மனைவியின் பெயர். ‘சிரேஷ்ட விரிவுரையாளர்’ என்பது பதவி, அது உறைக்கு வேண்டாம்.

பெரியப்பா டொக்டர், போன வருடம் காலமாகிவிட்டார். பெரியம்மாவுக்கு எப்படி எழுதுவது? (வாசகர், சாவகச்சேரி)

முன்பு எழுதியது போலவே ‘திருமதி’ என்று போட்டு அவர் பெயர், பிறகு பெரியப்பாவின் பெயர். பிள்ளைகள் கூட இருந்தால் ‘குடும்பத்தினர்’ சேருங்கள். டொக்டர் பட்டம் பெரியம்மாவுக்கு வராது. ‘அமரர்’ என்ற சொல் கலியாண உறையில் தலைகாட்டவே கூடாது.

நான் விட்ட பிழை ஒன்றையும் சொல்கிறேன். ஒரு வீட்டுக்காரர் தந்த பழைய பட்டியலைப் பார்த்து அறுபது உறை எழுதிக் கொடுத்தேன். அதில் ஒருவர் காலமாகி ஒன்றரை வருடம். அவருடைய மனைவி கோபிக்கவில்லை, கலியாணத்துக்கும் வந்தார். கைப்பையிலிருந்து அந்த உறையை எடுத்து மேசையில் வைத்து, “இவருக்கும் சேர்த்து ஒரு இலை போடுங்கோ” என்றார். பக்கத்தில் நின்ற எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து, பட்டியலை இன்னொரு முறை வாசித்துக் காட்டாமல் பேனையைத் தொடுவதில்லை.

சட்டத்தரணி, இஞ்சினியர், ஜே.பி.? (வாசகர், பருத்தித்துறை)

சட்டத்தரணியும் பொறியியலாளரும் பெயருக்கு முன்னால். ஜே.பி., அதாவது சமாதான நீதவான், பெயருக்குப் பின்னால். முன்னால் பட்டம் வந்தால் ‘திரு’ வேண்டாம். படித்த பட்டங்களை எழுத்தெழுத்தாக அடுக்க இது வேலை விண்ணப்பம் இல்லை.

சமயப் பெரியவர்களுக்கும் ‘தம்பதியினர்’ என்று எழுதலாமா? (வாசகி, உடுவில்)

குருக்கள் என்றால் ‘சிவஸ்ரீ’ போட்டு, ‘தம்பதியினர்’ என்று தாராளமாக எழுதலாம். கத்தோலிக்க அருட்தந்தைக்கு வேண்டவே வேண்டாம். பட்டியலை அப்படியே பார்த்து எழுதிய ஒருவர் ‘அருட்தந்தை குடும்பத்தினர்’ என்று அனுப்பியதையும் கண்டிருக்கிறேன். தென்னிந்திய திருச்சபைப் போதகர் என்றால் மனைவியின் பெயரை விட்டுவிடாதீர்கள். அவர் டொக்டரா என்றும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.