ஞாயிற்றுக்கிழமைக்குள் விலை சொல்லச் சொல்கிறார்கள், சொல்லலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம், மாதம் 2,700 டாலர். கணவருக்கு எச்1பி வேலை விசா, எனக்கு எச்4 இஏடி (எச்1பிகாரரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி), இருவரும் வேலை பார்க்கிறோம். சேமிப்பு 1 லட்சத்து 70 ஆயிரம் டாலர். பிப்ரவரியிலிருந்து வீடு தேடுகிறோம். வாரத்துக்கு ஒன்றிரண்டு வீடுதான் விற்பனைக்கு வருகிறது, அதுவும் திங்கட்கிழமைக்குள் போய்விடுகிறது. இப்போது பார்த்திருக்கும் வீட்டுக்குக் கேட்கும் விலை 5 லட்சத்து 75 ஆயிரம், வருட வரி 11,500. வட்டி 6.5 சதவீதம் என்கிறது வங்கி. கணவர் ஆறரை லட்சம் வரை போகலாம் என்கிறார். இன்ஸ்பெக்‌ஷன் (நிபுணரை வைத்து வீட்டைப் பரிசோதிப்பது) வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். ஆஸ்டினில் இருக்கும் என் அண்ணனோ, "விலை இறங்கும், பொறு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அண்ணன் சொல்வதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் ஊருக்கு அது சரியான பேச்சு. ஆஸ்டினில் 2022 வரை விலை தாறுமாறாக ஏறியது. அப்புறம் ஊரைச் சுற்றி புது வீடுகளும் அபார்ட்மென்ட்டுகளும் ஏராளமாக வந்தன, விலை இறங்கியது. அங்கே கட்ட இடம் இருக்கிறது. எடிசனிலும் பக்கத்து ஊர்களிலும் காலி மனையே அபூர்வம். மெட்ரோபார்க் ரயில், பள்ளிக்கூடம், ஓக் ட்ரீ ரோடு கடைகள் என்று நம் ஆட்கள் வந்துகொண்டே இருக்க, விற்பனைக்கு வருவது பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே குடியிருக்கும் வீடுதான்.

குடியிருப்பவர் ஏன் விற்கவில்லை? 2021 ஜனவரியில் 30 வருட வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. அந்தச் சமயத்தில் வாங்கியவர்களும், பழைய கடனை அந்தக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொண்டவர்களும் ஏராளம். 2023 அக்டோபரில் அதே வட்டி 7.79-ஐத் தொட்டது. 3 சதவீதத்தில் 4 லட்சம் டாலர் கடன் எடுத்தவர் மாதம் சுமார் 1,690 கட்டுகிறார். விற்றுவிட்டு அதே தொகையை 6.5 சதவீதத்தில் எடுத்தால் 2,530 கட்ட வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து வீடு போதாமல் போனாலும், மாதம் 840 டாலர் கூடுதலாகக் கொடுத்து யார் இடம் மாறுவார்? அதனால்தான் 2023-இல் நாடு முழுவதும் பழைய வீடுகளின் விற்பனை 1995-க்குப் பிறகு இல்லாத அளவுக்குக் குறைந்தது. வாங்க ஆள் இருந்தது, விற்க வீடு வரவில்லை. இதற்கு முன்னால் 2008 சரிவுக்குப் பிறகு கட்டுமானமே படுத்துவிட்டது. 2005-இல் 20 லட்சம் வீடுகளுக்கு மேல் கட்ட ஆரம்பித்த நாட்டில் 2009-இல் ஆரம்பித்தது சுமார் ஐந்தரை லட்சம். அந்தப் பள்ளம் இன்னும் நிரம்பவில்லை.

உங்கள் ஊர் நிலவரத்தை நீங்களே கணக்குப் போடலாம். இன்று விற்பனையில் உள்ள வீடுகளின் எண்ணிக்கையை, ஒரு மாதத்தில் விற்கும் வீடுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 60 வீடு இருந்து மாதம் 40 விற்றால் ஒன்றரை மாத இருப்பு. ஐந்தாறு மாத இருப்பு இருந்தால் வாங்குபவரும் விற்பவரும் சமம் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான அளவுகோல். ஒன்றிரண்டு மாதம் என்றால் விற்பவர் வைத்ததுதான் விலை. பிப்ரவரியிலிருந்து நீங்கள் படும் பாடு இதுதான். இந்தத் தட்டுப்பாடு ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும் என்று நம்பி நான் உங்களைக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். வட்டி குறைந்தால் விற்பவர்கள் வருவார்கள், சரி. ஆனால் உங்களைப் போல ஓரமாக நிற்கிறவர்களும் அன்றைக்குத்தான் உள்ளே வருவார்கள்.

ஆனால் வீடு கிடைப்பது கஷ்டம் என்பதற்காக என்ன விலையும் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. கணவர் சொல்லும் ஆறரை லட்சத்தைப் பார்ப்போம். 20 சதவீத முன்பணம் 1 லட்சத்து 30 ஆயிரம், க்ளோசிங் செலவு, அதாவது வீட்டை உங்கள் பெயருக்கு முடித்துக்கொள்ளும்போது ஆகும் கட்டணங்கள், ஒரு 17 ஆயிரம். மிச்சம் 23 ஆயிரம். கடன் தவணை 3,290, வரியும் இன்ஷூரன்ஸும் ஏறக்குறைய 1,110, ஆக மாதம் 4,400. உங்கள் மிச்சம் ஐந்து மாதத் தவணைக்குத்தான் வரும், சாப்பாட்டுச் செலவைச் சேர்க்காமலே.

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது அப்ரைசல், அதாவது வங்கி ஆள் வைத்துப் போடும் வீட்டின் மதிப்பு. வங்கி கடன் கொடுப்பது நீங்கள் சொன்ன விலையை வைத்து மட்டும் அல்ல. அதன் மதிப்பீட்டாளர் குறைவாகச் சொன்னால் அந்த விலைக்குத்தான். நீங்கள் ஆறரை லட்சம் சொல்லி, அவர் ஆறு லட்சம்தான் பெறும் என்றால், வங்கி தருவது 4 லட்சத்து 80 ஆயிரம். மீதி 1 லட்சத்து 70 ஆயிரத்தை நீங்கள் போட வேண்டும். உங்கள் சேமிப்பு மொத்தமும் அதில் போய்விடும், க்ளோசிங்குக்குக்கூடக் காசு இருக்காது. "வித்தியாசத்தை நாங்களே கட்டுகிறோம்" என்று விற்பவருக்கு வரம்பில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஊரில் இருக்கும் அப்பாவின் ஓய்வுப் பணத்தைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். அப்படி எழுதுவதானால் இவ்வளவு வரைதான் என்று ஒரு சிறு தொகையைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். என்னிடம் வரும் ஒரு குடும்பம் அதை விட்டுக்கொடுத்து ஒரு பழைய வீட்டை வாங்கியது. வேனிலில் செடி நட வெட்டும்போது, பக்கச் சுவர் ஓரம் புதருக்குள் முழங்கால் உயரத்துக்கு இரண்டு இரும்புக் குழாய்கள். அடியில் பழைய ஹீட்டிங் எண்ணெய்த் தொட்டி, துருப்பிடித்து மண்ணில் கசிந்திருந்தது. மண்ணை அள்ளிச் சுத்தம் செய்ய அவர்களுக்கு ஆன செலவு ஒரு வருடச் சேமிப்பு. நியூ ஜெர்சிப் பழைய வீடுகளில் இது புதிதல்ல. தொட்டி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சில நூறு டாலர்தான் ஆகும். பேஸ்மென்ட்டையும் பாருங்கள், 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் இந்தப் பகுதியில் எத்தனை பேஸ்மென்ட்டுகள் நிரம்பின என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள். ஏஜென்ட்டிடம் இப்படிச் சொல்லுங்கள்: "சின்னச் சின்னப் பழுதுக்குப் பணம் கேட்க மாட்டோம். அஸ்திவாரம், கூரை, எண்ணெய்த் தொட்டி, தண்ணீர், இவற்றில் பெரிய கோளாறு இருந்தால் விலகும் உரிமை வேண்டும்." இதை ஏற்கும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். விலை ஒத்துவந்து கையெழுத்தான பிறகும், இங்கே வழக்கறிஞர் பார்வையிட மூன்று வேலை நாள் உண்டு. அதற்குள் உங்கள் வக்கீல் வாசகங்களைத் திருத்தலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

இன்னொன்று, எச்1பி. வேலை போனால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். அந்த நேரத்தில் கையில் ரொக்கம் இருந்தால் வீட்டை அவசரமாக விற்காமல் யோசிக்கலாம், வாடகைக்கு விடலாம். 30 ஆயிரத்துக்குக் கீழே உங்கள் கையிருப்பு இறங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆக, இந்த வீட்டுக்கு உங்கள் எல்லை 6 லட்சம். அந்த விலையில் முன்பணமும் க்ளோசிங்கும் போக 33 ஆயிரம் மிஞ்சும், மாதச் செலவு 4,150. வாடகையைவிட 1,450 கூடுதல். கடந்த மூன்று மாதமும் செலவு போக மாதம் 1,450 மிஞ்சியதா என்று வங்கிக் கணக்கை எடுத்துப் பாருங்கள், இழுக்குமா என்று தெரிந்துவிடும். ஞாயிறு மாலை ஏஜென்ட் போன் செய்து "இன்னும் பத்தாயிரம் ஏற்றினால் உங்களுக்குத்தான்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீடு கைமாறிப் போனால், இனி 5 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கீழே கேட்கும் வீடுகளைத் தேடுங்கள், டவுன்ஹவுஸும் (ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு) பாருங்கள். செப்டம்பரில் பள்ளி திறப்பதால் நம் குடும்பங்கள் எல்லாம் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரே வரிசையில் நிற்கின்றன. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை விற்பனைக்கு வரும் வீடு குறைவுதான், ஆனால் ஓப்பன் ஹவுஸ் (எல்லோரும் வந்து பார்க்க வீட்டைத் திறந்துவைக்கும் நாள்) வாசலில் கிடக்கும் செருப்புகள் அதைவிடக் குறைவு. மூன்று வாரம் விலைபோகாமல் நிற்கும் வீட்டுக்காரர் அப்போதுதான் உங்களோடு உட்கார்ந்து பேசுவார்.