‘மினி பைபாஸ்’ என்றால் சின்ன ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு 34 வயது. உயரம் 158 செ.மீ., எடை 112 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன், நெஞ்செரிச்சலும் உண்டு. எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றி விசாரித்தபோது ஸ்லீவ், பைபாஸ், மினி பைபாஸ் என்று மூன்று சொன்னார்கள். ‘மினி’ சின்னதுதானே, அதையே செய்துகொள்ளலாமா? 70 சதவீதம் எடை குறையும் என்கிறார்கள். ‘லீக்’ ஆகலாம் என்றதால் வீட்டில் பயப்படுகிறார்கள். இரண்டாவது குழந்தைக்கும் ஆசை இருக்கிறது. – வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த 70 சதவீதக் கணக்கு. அது 112 கிலோவில் 70 சதவீதம் இல்லை. பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 25 என்று வைத்தால் உங்கள் உயரத்துக்கு 62 கிலோ வரும். அதற்கு மேல் உள்ள 50 கிலோவைத்தான் கூடுதல் எடை என்கிறோம். அதில் 70 சதவீதம் என்றால் 35 கிலோ. ஆக, 77 கிலோ அளவில் வந்து நிற்பீர்கள். இதை யாரும் விளக்காததால், நன்றாக இளைத்தவர்கள்கூட ‘ஆபரேஷன் சரியா வரலை டாக்டர்’ என்று வந்து உட்காருகிறார்கள்.

அடுத்து, ‘மினி’. பைபாஸ் என்றால் இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி உணவு போக வழி செய்வது. மினியில், இரைப்பையை நீளக் குழாய்போலப் பிரித்து, சிறுகுடலில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டரைத் தாண்டிய இடத்தில் இணைப்பார்கள். வழக்கமான பைபாஸில் இரண்டு இணைப்பு, இதில் ஒன்று. அதனால் ஆபரேஷன் நேரம் குறையும், அவ்வளவுதான். பித்தநீர் மேலேறி வரும் வாய்ப்பு இதில் உண்டு. சத்துக்குறைவும் குறைச்சலாக இருக்காது.

ஸ்லீவில் குடலைத் தொடுவதில்லை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். பிறகு மனம் மாறினாலும் திரும்ப வைக்க வழியில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடலாம். எண்டோஸ்கோப்பி செய்து, உணவுக்குழாயில் புண் இருக்கிறதா என்று பார்க்காமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள். புண் இருந்தால் வழக்கமான பைபாஸையே நான் பரிந்துரைப்பேன். சர்க்கரைக்கும் அது நல்லது.

லீக் என்பது ஸ்டேப்ளர் போட்டு மூடிய இடத்திலோ இணைப்பிலோ ஏற்படும் கசிவு. ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு வரலாம். வயிற்றுவலிக்கு முன்பே நாடி காட்டிக்கொடுக்கும். சும்மா படுத்திருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சல், இடது தோள்வலி, மூச்சுவாங்கல் இருந்தாலோ ‘காஸ்’ என்று விடாமல் உடனே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்தும் இது வரலாம். இன்னொரு ஆபத்து, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைப்பது. ஆபரேஷன் அன்றே எழுப்பி நடக்கவிடுவது அதனால்தான்.

உயிருக்கு ஆபத்து? அனுபவமுள்ள மருத்துவமனைகளில் 1,000 பேரில் ஒன்று முதல் மூன்று பேர்வரை. இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று உங்கள் கணவரிடம் கேட்டு, மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

‘டம்பிங்’ என்றும் ஒரு வார்த்தை காதில் விழும். பைபாஸுக்குப் பிறகு ஒரு டம்ளர் பாயசம் குடித்தால், சற்று நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. பயமாக இருக்கும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

எனக்குக் கவலை தருவது மூன்றாவது மாதமும் மூன்றாவது வருஷமும்தான். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க வேண்டும். இளைத்ததும் நிறுத்திவிடுபவர்கள் நிறைய. சில நாள் தொடர்ந்து வாந்தி எடுத்து, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ நடை தள்ளாடினாலோ, அது பி1 குறைவு. பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னால், எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனதைச் சொல்லி, முதலில் பி1 ஊசி போடச் சொல்லுங்கள். வெறும் குளுக்கோஸ் நிலைமையை மோசமாக்கிவிடும்.

குழந்தைக்கு ஒன்று முதல் ஒன்றரை வருஷம் பொறுங்கள். எடை இறங்க இறங்கக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, காப்பர்-டி நல்லது. கர்ப்பமானதும் சர்க்கரைப் பரிசோதனைக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பார்கள். அதைக் குடிக்கும் முன் ஆபரேஷன் விவரத்தைச் சொன்னால், வேறு முறையில் பார்ப்பார்கள்.