லீவு முடிந்தும் யூனிட்டுக்குப் போகாத கணவர்: என்ன செய்வது?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் நாயக். பதினோரு வருடம் நான்கு மாதம் சர்வீஸ். லீவு முடிந்து 19 நாள் ஆகிறது, கிளம்ப மறுக்கிறார். அவருடைய பட்டாலியன் பனிமலைப் பகுதிக்கு மாறுகிறது. போன முறை அங்கே கூட இருந்த நண்பர் இறந்ததிலிருந்து இவருக்குச் சரியான தூக்கமில்லை. “வேறு எங்கே வேண்டுமானாலும் போகிறேன், அங்கே மட்டும் போக மாட்டேன்” என்கிறார். மாமியார் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். கணவர் இப்போது கொழுந்தன் வீட்டில் தங்கியிருக்கிறார். தெரிந்த டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கு, துபாய்க்குப் போய்விடு, வேலையை எழுதிக்கொடுத்துவிடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போலீஸ் வருமா? மரண தண்டனை என்கிறார்களே, உண்மையா?
– வேலூர் மாவட்ட வாசகி

பதில்: சகோதரி, கடிதம் கைக்கு வந்த அன்றே சுருக்கமான பதிலை உங்களுக்கு அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

உங்கள் கணவர் இன்றைக்கே யூனிட்டைத் தொடர்பு கொண்டு, தானாகவே போய்ச் சேர வேண்டும். போஸ்டிங் மாற்றம், வைத்தியம், வேலையை விடுவது என்று அவர் எதை விரும்பினாலும் அதற்கான வழி யூனிட்டுக்குள்ளேதான் இருக்கிறது. வெளியே இருந்துகொண்டு அவர் எதையும் கேட்க முடியாது.

ராணுவச் சட்டம் 1950-இன் 39-ஆம் பிரிவு, லீவு முடிந்தும் தக்க காரணமின்றித் திரும்பாததை அனுமதியில்லாத விடுப்பு என்கிறது. அதற்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 38-ஆம் பிரிவு படையை விட்டு ஓடிப்போவது பற்றியது. அதற்குச் சாதாரணமாக 7 ஆண்டு வரை சிறை. ஆனால் போர்க்களப் பணியில் இருக்கும்போதோ, அப்படிப்பட்ட பணிக்குப் போக உத்தரவு வந்த பிறகோ ஓடினால் மரண தண்டனை வரை கொடுக்கலாம். உங்களை யாரோ பயமுறுத்தச் சொன்ன கதை இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. அதே பிரிவு குறைந்த தண்டனைக்கும் இடம் தருகிறது. 19 நாள் தாமதித்துவிட்டுத் தானே வந்து நிற்பவரின் வழக்கு பெரும்பாலும் யூனிட்டின் தலைவரான கமாண்டிங் ஆபீசர் மட்டத்திலேயே முடிந்துவிடக் கூடியது. நீங்கள் பயப்பட வேண்டியது இனி தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும்தான்.

இந்த இரண்டு குற்றங்களையும் பிரிப்பது எண்ணம். வெறுமனே வராமல் இருந்தது மட்டுமே ஓடிப்போனதற்குச் சான்றாகாது, திரும்பக்கூடாது என்ற நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்று கேப்டன் வீரேந்திர குமார் வழக்கில் 1986-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பிறகு வந்துவிடுவேன் என்று நினைத்தாலும், ஒரு முக்கியமான பணியிலிருந்து தப்புவதற்காகவே ஒருவர் விலகி நின்றால் அதுவும் ஓடிப்போனதாகவே கணக்கு. உங்கள் கணவர் சொல்லும் “அங்கே மட்டும் போக மாட்டேன்” அதில்தான் போய் விழுகிறது. நண்பர்களுக்கு இப்படி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

106-ஆம் பிரிவின்படி 30 நாள் கடந்ததும் யூனிட்டில் கோர்ட் ஆஃப் என்கொயரி எனும் விசாரணைக் குழு உட்காரும். அவர் வராததையும், அவரிடம் உள்ள அரசுப் பொருட்களில் எவை குறைகின்றன என்பதையும் பதிவு செய்யும். அதற்குப் பிறகும் சரணடையாவிட்டால் ஓடிப்போனவராகக் கருதப்படுவார். அதற்காக 30 நாள் வரை சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. ஊர் போலீசுக்குத் தகவல் அதற்கு முன்பே போய்விடலாம். 105-ஆம் பிரிவு, ஓடிப்போனவர் என்று நியாயமாகச் சந்தேகிக்கும் ஒருவரை வாரண்ட் இல்லாமலே கைது செய்யப் போலீசுக்கு அதிகாரம் தருகிறது.

குடும்பத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடிப்போன வீரர் என்று தெரிந்தே அடைக்கலம் கொடுப்பது பாரதிய நியாய சம்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 164-ஆம் பிரிவில் குற்றம். அதற்கு 2 ஆண்டு வரை சிறை. கணவனுக்கு மனைவியோ மனைவிக்குக் கணவனோ அடைக்கலம் தந்தால் மட்டும் விலக்கு. ஆக, சட்டம் உங்களைத் தொடாது. கொழுந்தனுக்கும் மாமியாருக்கும் அந்த விலக்கு கிடையாது. “போகாதே, பார்த்துக்கொள்ளலாம்” என்று தூண்டுவதற்குத் தனியாக 163-ஆம் பிரிவு இருக்கிறது. துபாய் யோசனை சொன்னவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

துபாய் ஏன் வேண்டாம் என்றால், ராணுவக் குற்றங்களுக்குப் பொதுவாக உள்ள 3 ஆண்டுக் காலக்கெடு ஓடிப்போன குற்றத்துக்குப் பொருந்தாது. எத்தனை வருடம் கழித்து வந்தாலும் வழக்கு காத்திருக்கும். ஆளே வராவிட்டாலும் டிஸ்மிஸ் செய்யலாம். செய்துவிட்டால் பென்ஷன், கேன்டீன் கார்டு, முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம் எதுவும் இல்லை.

சரி, எப்படித் திரும்புவது? முதலில் கம்பெனி சுபேதாருக்கோ அட்ஜுடண்டுக்கோ (கமாண்டிங் ஆபீசரின் நிர்வாக உதவி அதிகாரி) அவரே போன் செய்யட்டும், நீங்கள் வேண்டாம். அதே நாளில் கமாண்டிங் ஆபீசருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பட்டும். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், லீவு சர்டிபிகேட்டில் உள்ள தேதிகள், தாமதத்துக்கான காரணம், எந்தத் தேதியில் வந்து சேருவார், இப்போதைய முகவரி, போன் நம்பர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். (பழைய ஆட்கள் இன்னும் “தந்தி அடி” என்பார்கள், அந்தச் சேவை 2013-லேயே நின்றுவிட்டது.) லீவு நீட்டிப்பு கேட்டிருந்தால், பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பையில் அடையாள அட்டை, லீவு சர்டிபிகேட், அவரிடம் இருக்கும் அரசு உடைமைகள் எல்லாம் இருக்கட்டும். மாமியாரின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை அவர் எடுத்துச் செல்லட்டும், அசல் உங்களிடம் இருக்கட்டும். பட்டாலியன் ஏற்கெனவே கிளம்பியிருந்தால், பின்னால் தங்கியிருக்கும் ரியர் பார்ட்டியிடமோ ரெஜிமென்டல் சென்டரிலோ போய் ரிப்போர்ட் செய்யலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் சென்டர் வெலிங்டனில் இருக்கிறது. எங்கே போனாலும், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, தானாக வந்து சேர்ந்தார் என்று எழுத்தில் சான்று கேட்டு வாங்க வேண்டும். பிடித்துக் கொண்டுவரப்பட்டவருக்கும் தானாக வந்தவருக்கும் தண்டனையில் வித்தியாசம் உண்டு, அதற்கு ஆதாரம் இந்தத் தாள்தான்.

போலி மெடிக்கல் சர்டிபிகேட் கூடவே கூடாது. யூனிட் அந்த மருத்துவமனைக்கே கடிதம் எழுதிச் சரிபார்க்கும். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுவது 46-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை போகும் குற்றம். தாமதத்தை மறைக்கப் போய்த் தாமதத்தைவிடப் பெரிய வழக்கில் சிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அவருடைய தூக்கமின்மை போலி அல்ல. எங்களைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். யூனிட் டாக்டரிடம் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: எத்தனை மாதமாகத் தூக்கமில்லை, கனவில் என்ன வருகிறது, எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார் என்றெல்லாம். அவர்கள் ராணுவ மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். ராணுவ மருத்துவத் தரவரிசையில் மனநலத்துக்கு ‘எஸ்’ என்று தனிக் கூறு இருக்கிறது. அதில் தரம் இறக்கப்பட்டால் எங்கே, எந்த வேலைக்கு அனுப்பலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வரும். பனிமலைக்குப் போகாமல் இருக்க அவருக்கு உள்ள நேர்மையான வழி இதுதான். “பைத்தியம் என்று பெயர் வந்துவிடும்” என்ற தயக்கத்தில் பலர் இதை மறைத்துவிட்டு, கடைசியில் ஓடிப்போனவர் என்ற பெயரைச் சம்பாதிக்கிறார்கள். கிளம்பும் வரை ராத்திரியில் ரொம்ப முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

யூனிட்டில் அவரைக் கமாண்டிங் ஆபீசர் முன்னால் நிறுத்துவார்கள். 80-ஆம் பிரிவில் அவருக்குள்ள அதிகாரத்தில் தண்டனை தரலாம். அதில் 28 நாள் வரையிலான காவலும் சிறையும் சிப்பாய்களுக்குத்தான், அதற்கு மேற்பட்ட நாயக் ரேங்கில் இருப்பவருக்கு அதைத் தர முடியாது. நாயக் என்பதால் ரேங்க் விஷயத்தில் என்ன ஆகும் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வராத நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள். பெரிதாக எடுத்துக்கொண்டால் சம்மரி கோர்ட் மார்ஷல், அதாவது கமாண்டிங் ஆபீசரே நடத்தும் ராணுவ நீதிமன்றம். லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்டவர் நடத்தினால் ஓராண்டு வரை சிறை தரலாம். வக்கீல் நின்று வாதாடும் இடமல்ல அது, உதவிக்கு ‘ஃபிரண்ட் ஆஃப் தி அக்யூஸ்ட்’ என ஒருவரைக் கேட்கலாம். “ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்” என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவை ஒத்துக்கொள்கிறோம் என்று படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. 39-க்கும் 38-க்கும் ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் அதில்தான் பென்ஷனே போகும்.

வேறொரு எச்சரிக்கை. திரும்பிப் போன பிறகு ஆபீசர் முன்னால் நின்று “வண்டி ஏற மாட்டேன்” என்று சொன்னால், அது 41-ஆம் பிரிவு, சட்டபூர்வமான உத்தரவை மீறிய குற்றம். மேலதிகாரி நேரில் தந்த உத்தரவை வேண்டுமென்றே எதிர்த்து நின்றாலோ, போர்க்களப் பணியில் மீறினாலோ 14 ஆண்டு வரை போகும். அமெரிக்காவில் படையில் சேர்ந்த பிறகும் மனசாட்சியைக் காரணம் காட்டி விலக விண்ணப்பிக்கலாம். அங்கேயும் எல்லாப் போரையும் எதிர்ப்பவருக்குத்தான் அது, ஒரு குறிப்பிட்ட இடம் வேண்டாம் என்பவருக்கு இல்லை. இந்தியாவில் அப்படி ஒரு விதியே கிடையாது. யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்காத படை என்பதால், சேர்ந்த பிறகு மறுக்கும் உரிமையைப் பற்றிச் சட்டம் யோசிக்கவில்லை. அது நியாயமா என்பது வேறு விவாதம், உங்கள் கணவரின் வழக்கில் அதை நடத்த வேண்டாம். மறுப்பாகச் சொல்லாமல் கோரிக்கை மனுவாக எழுதிக் கொடுக்கட்டும், குறை இருந்தால் 26-ஆம் பிரிவில் மேலதிகாரியிடம் முறையிடலாம்.

மாமியாரின் நிலைமைக்குக் கம்பாஷனேட் போஸ்டிங் (குடும்பக் கஷ்டத்தை முன்னிட்டுத் தரும் இடமாற்றம்) கேட்கலாம். மனு கமாண்டிங் ஆபீசர் வழியாக ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குப் போகும். வீட்டு நிலைமை உண்மையா என்று மாவட்ட அளவில் விசாரணை வரும்போது, வேறு மகன் பார்த்துக்கொள்கிறாரா என்றுதான் முதலில் கேட்பார்கள். கொழுந்தன் இருப்பது தெரிந்ததும் மனு அங்கேயே படுத்துவிடலாம். அவர் ஏன் பார்த்துக்கொள்ள முடியாது என்பதற்கு இப்போதே ஆவணம் சேருங்கள். வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போய்ச் சொல்லி வைப்பது நல்லது.

வேலையை எழுதிக்கொடுப்பது முடியாத காரியமில்லை. ராணுவ விதிகள் 1954-இன் 13-ஆம் விதியில் சொந்த விருப்பத்தில் விலக வழி இருக்கிறது. யூனிட்டின் ஆள்பலம் பாதிக்காது என்று கமாண்டிங் ஆபீசர் திருப்தியடைந்தால்தான் அனுமதி. பட்டாலியன் கிளம்பும் நேரத்தில் அது கிடைப்பது கடினம், கிடைக்கும் வரை வேலை பார்த்தே ஆக வேண்டும். அதோடு சாதாரண வீரருக்குச் சர்வீஸ் பென்ஷன் வர 15 ஆண்டு வேண்டும். இவருக்கு மூன்று வருடம் எட்டு மாதம் பாக்கி. இப்போது விட்டால் கிராஜுவிட்டியோடு சரி.

தீர்ப்பாயம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. போஸ்டிங், டிரான்ஸ்பர், லீவு விவகாரங்கள் அதன் வரம்பில் வராது, அதனால் “பனிமலைக்கு அனுப்பாதே” என்று அங்கே கேட்க முடியாது. சம்மரி கோர்ட் மார்ஷலில் டிஸ்மிஸ் செய்தாலோ மூன்று மாதத்துக்கு மேல் சிறை விதித்தாலோ அங்கே போகலாம். இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பதால், யூனிட்டிலிருந்து வரும் எந்தக் கவரிலும் தபால் முத்திரைத் தேதியைக் கிழிக்காமல் வையுங்கள்.