பால் சுறாவும் ராமேஸ்வரம் சிலந்தியும்: கேள்வி பதில்

போன வாரம் பால் சுறாவைப் பற்றிப் பேசியதும், "நம் தீவின் மரச் சிலந்தியோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்" என்று பலர் கேட்டார்கள். சரி, ஆரம்பிப்போம்.

கடலில் கிடப்பதையும் மரத்தில் கிடப்பதையும் எதற்கு ஒப்பிட வேண்டும்? (தொண்டி)

விளையாட்டுக்குத்தான். ஆனால் இரண்டுக்குமே கெட்டி எலும்பு கிடையாது. சுறாவுக்குள் இருப்பது குருத்தெலும்பு. உங்கள் காது மடலைத் தடவிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே சரக்கு. சிலந்தியைத் தாங்குவது மேல்தோடு.

செத்த சிலந்தி ஏன் காலை மடக்கிக்கொள்கிறது? (மண்டபம், பள்ளி மாணவி)

அருமையாகக் கவனித்திருக்கிறாய் அம்மா. காலை மடக்கத் தசை உண்டு. முக்கியமான இரண்டு மூட்டுகளை நீட்டத் தசை இல்லை. சிலந்தியின் ரத்தமான உடம்பு நீரைக் காலுக்குள் அழுத்தித்தான் நீட்டும், ஜேசிபி கை எண்ணெய் அழுத்தத்தில் நீள்வதைப் போல. உயிர் போனால் அழுத்தமும் போகும், கால் சுருண்டுவிடும். அந்த நீரில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் லேசான நீலமாக இருக்கும். சுறா ரத்தம் நம்முடையதைப் போலச் சிவப்புதான்.

சுறாவில் மட்டும் ஏன் அந்த மூத்திர நாற்றம்? (பாம்பன்)

கடல் உப்பு உடம்பு நீரை உறிஞ்சிவிடாதபடி, சுறா யூரியாவை ரத்தத்திலும் சதையிலும் சேர்த்து வைத்திருக்கும். செத்ததும் பாக்டீரியா அதை அம்மோனியா ஆக்கிவிடும். ஐஸ் படாமல் மத்தியானம் வரை கிடந்ததைப் புட்டுக்கு வாங்காதீர்கள், எவ்வளவு பூண்டு போட்டாலும் தேறாது. எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் வைப்பது சுறாப்புட்டுதான். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கறார் அதிகம்.

குட்டி?

பால் சுறா ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து, ஒன்று முதல் எட்டுக் குட்டி வரை போடும். சிலந்தி நூல் பையில் முட்டையிட்டுக் காவல் இருக்கும்.

இரண்டில் எது அரிது? (உச்சிப்புளி)

சந்தேகமே வேண்டாம், சிலந்திதான். பால் சுறா மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை திரிகிறது. இந்தச் சிலந்திக்கு நம் பக்கமும் இலங்கையின் மன்னாரும்தான் உலகம். 2004இல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள்: பொய்சிலோத்தேரியா ஹனுமவிலாசுமிகா. புளிய மரப் பொந்தில் குடியிருக்கும். தோப்பை வெட்டி மனை போட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை.

கீற்றுக் கூரையில் இந்தச் சிலந்தி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அடித்துவிடட்டுமா? (தங்கச்சிமடம்)

வேண்டாம் அண்ணே. முன்னங்காலைத் தூக்கி அடியிலுள்ள மஞ்சள் நிறத்தைக் காட்டினால், "கிட்டே வராதே" என்று அர்த்தம். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கையால் தொடாமல், அகல வாய் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுங்கள். அப்புறம் பக்கத்துப் புளிய மரப் பொந்தருகே டப்பாவைச் சாய்த்து வைத்தால் போதும், இருட்டியதும் தானே ஏறிக்கொள்ளும்.