எண்ணாயிரத்தில் பல்கலைக்கழகம் இருந்ததா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள எங்கள் பக்கத்து ஊரான எண்ணாயிரத்தில் சோழர் காலத்தில் பெரிய பல்கலைக்கழகம் இருந்ததாகவும், அதில் எல்லாருக்கும் இலவசக் கல்வி அளிக்கப்பட்டதாகவும் சொல்கிறார்கள். இதற்குச் சான்று உண்டா?
– வாசகர் ஒருவர், விக்கிரவாண்டி

பதில்: சான்று உண்டு, அது ஊரின் அழகிய நரசிங்கப் பெருமாள் கோயிலிலேயே இருக்கிறது. 1917 ஆம் ஆண்டில் படியெடுக்கப்பட்ட முதலாம் இராசேந்திர சோழனின் கல்வெட்டு, இராசராசச் சதுர்வேதிமங்கலம் என வழங்கிய இவ்வூரின் சபையார் ஒரு கல்லூரியையும் அதன் மாணவர் விடுதியையும் நடத்துவதற்காக 45 வேலி நிலத்தை ஒதுக்கிய செய்தியைத் தெரிவிக்கிறது.

அங்கே 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்தனர். இளமாணவர் 270 பேரில் இருக்கு வேதத்துக்கு 75 பேர், யசுர் வேதத்துக்கு 75 பேர் என ஒவ்வொரு பிரிவுக்கும் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருந்தது. அவர்களுள் 40 பேர் ரூபாவதாரம் என்னும் வடமொழி இலக்கண நூலைப் பயின்றனர். அந்நூலை இயற்றிய தருமகீர்த்தி ஒரு பௌத்தர் என்பதும், வேதம் ஓதும் ஊரில் அவர் நூல் பாடமாக இருந்தது என்பதும் நம் கவனத்துக்குரியவை. முதுமாணவர் 70 பேரில் 25 பேர் வியாகரணம் என்னும் இலக்கணமும், 35 பேர் வேதச் சடங்குகளின் பொருளை ஆராயும் பிரபாகர மீமாம்சையும், 10 பேர் வேதாந்தமும் கற்றனர். இளமாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்லும், முதுமாணவர் ஒருவருக்கு 1 குறுணி 2 நாழி நெல்லும் (ஒரு குறுணி என்பது 8 நாழி) அளக்கப்பட்டன. கல்வி தடைப்படாமல் நடக்க வேண்டுமானால் மாணவனின் அன்றாட உணவுக்கு நிலையான வருவாய் வேண்டும் என்று உணர்ந்து, அதை நாழிக் கணக்கில் கல்லில் பொறித்து வைத்த அந்தச் சபையாரின் பொறுப்புணர்வே இவ்வூரின் உண்மையான பெருமை என்பது என் கருத்து.

ஆனால் ‘எல்லாருக்கும்’ என்று சொல்வது பொருந்தாது. பாடங்கள் அனைத்தும் வேதமும் அதைச் சார்ந்த சாத்திரங்களும். அவற்றைப் பயிலும் உரிமை அந்நாளில் பிராமண ஆண்களுக்கே இருந்தது. 45 வேலியில் உழுது நெல் விளைவித்த குடிகளின் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பல்கலைக்கழகம் என்பதைவிட வேதக் கல்லூரி என்பதே சரியான பெயர். ஊரின் பழமையும் வேதத்தோடு மட்டும் முடிவதில்லை. அருகிலுள்ள குன்றில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளையும் தாங்கள் பார்க்கலாம்.

கேள்வி: இத்தகைய கல்லூரி வேறு ஊர்களிலும் இருந்ததா?
– வாசகி ஒருவர், புதுச்சேரி

பதில்: தங்கள் ஊருக்கு அருகிலுள்ள திருபுவனையிலேயே இருந்தது. முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048 இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்ததைக் குறிக்கிறது. வீரராசேந்திரன் காலத்தில் திருமுக்கூடலில் 60 பேர் பயின்ற சிறிய கல்லூரி நடந்தது; அதனோடு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்னும் மருத்துவமனையும் சேர்ந்திருந்தது.