குழலுக்குள் வரி: பட்டறைப் பெரியவர் பதில்கள்

கேள்வி: துப்பாக்கிக் குழலுக்குள், குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரி (பள்ளங்கள்) போடப் பல முறைகள் இருக்கின்றனவாமே, அவற்றில் எது சிறந்தது?
– பாலிடெக்னிக் மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: முறையைக் கேட்கும் முன் துளையைக் கேளுங்கள் தம்பி. விக்கிரமசிங்கபுரம் மில் ஒர்க்‌ஷாப்பில் லேத் பழகி, அப்புறம் துப்பாக்கித் தொழிற்சாலை டூல் ரூமில் ஓய்வுபெறும்வரை கட்டர் தீட்டியவன் நான். துளை கோணலாக இருந்தாலோ, துளையைச் சீராக்கும் ரீமர் என்ற கருவி ஓடிய தடம் முரடாகக் கிடந்தாலோ, அதன்மேல் எந்த முறையில் வரி போட்டும் பயனில்லை.

ஆகப் பழையது ஒற்றைக் கட்டர் முறை. கட்டர் பொருத்திய தண்டு சுழன்றபடி குழலுக்குள் போய் வரும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மைக்ரான்தான் சீவும். ஒரு பள்ளத்தின் ஆழமே சுமார் 0.1 மில்லிமீட்டர், அதற்கே நாற்பது தடவை ஓட வேண்டும். பழைய .303 என்ஃபீல்டு ரைஃபிளில் ஐந்து பள்ளம், இடப்பக்கச் சுழற்சி, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை ஓட்டம் என்று! இரண்டாம் உலகப் போர் நெருக்கடியில் அதே .303க்கு இரண்டே பள்ளத்தோடு குழல் செய்து அனுப்பினார்கள். சிப்பாய்க்குத் தேவையான குறி அதிலும் கிடைத்தது. பள்ளத்தின் எண்ணிக்கையைவிடத் துளையின் சீர்தான் முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

புரோச் முறையில் ஒன்றைவிட ஒன்று சற்றே பெரிதான பல் வளையங்கள் ஒரே தண்டில் வரிசையாக இருக்கும். ஒரே இழுப்பில் எல்லாப் பள்ளமும் விழுந்துவிடும். ஆனால் கடைசி வளையத்தில் ஒரு பல் உடைந்தால், அடுத்து வரும் குழல் ஒவ்வொன்றிலும் அந்தக் கீறல் விழும். இதைத் தீட்டுகிறவனுக்குத் தூக்கம் குறைவு.

பட்டன் முறையில் சீவலே கிடையாது. வரியின் எதிர்வடிவம் கொண்ட கார்பைடு (மிகக் கடினமான பொருள்) உருண்டையைத் துளைக்குள் அழுத்தி இழுப்பார்கள். இரும்பு நசுங்கி வரியாகும், உட்புறம் பளபளப்பாக வரும். வினை அதற்குப் பிறகுதான். நசுங்கிய இரும்புக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அதைச் சூட்டில் வைத்துத் தணிக்காமல் வெளிப்புறத்தை லேத்தில் மெலிதாக்கினால், மெலிந்த பக்கம் துளை விரிந்துவிடும். மென்மையான ஈயக் குண்டு ஒன்றை மெதுவாகத் தள்ளினால் எங்கே இறுகுகிறது, எங்கே நழுவுகிறது என்று கை சொல்லிவிடும். குழலின் தரத்தை முதலில் என் விரலிடம்தான் கேட்பேன்.

சுத்தியல் முறை ஜெர்மனியில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்தது. எம்ஜி 42 என்ற இயந்திரத் துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 1200 குண்டு சுடும். குழல் சீக்கிரம் தேயும். எனவே, வரி வடிவம் கொண்ட அச்சுக்கம்பியின் மேல் குட்டையான, தடித்த குழலைச் செருகி, நாலாபுறமும் இயந்திரச் சுத்தியலால் அடித்து நீட்டினார்கள். வேலை சில நிமிடங்கள்தான், ஆயுளும் அதிகம். இயந்திரத்தின் விலையோ பெரிய தொழிற்சாலைக்குத்தான் கட்டும்.

லட்சக்கணக்கில் வேண்டுமா, சுத்தியல். ஒரே ஒரு நல்ல போட்டிக் குழலா, நான் ஒற்றைக் கட்டரைத்தான் எடுப்பேன். இரும்புக்குள் புதிய இறுக்கத்தை அது அதிகம் ஏற்றாது. படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி, செய்து பார்க்காதீர்கள். உரிமம் இல்லாமல் குழல் செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: பன்றி விரட்ட உரிமத்தோடு வைத்திருக்கும் தாத்தா காலத்து பன்னிரண்டு போர் (12 bore) ரவைத் துப்பாக்கியின் உட்புறம் வழவழவென்று இருக்கிறது. வரி தேய்ந்துவிட்டதா?
– விவசாயி, கடையம்

பதில்: இல்லை அண்ணாச்சி, அது பிறந்ததே அப்படித்தான். ஒரு தோட்டாவில் பல சிறு ரவைகள் போகும். சுழற்றிவிட்டால் அவை அகலமாகச் சிதறிவிடும். துளை சுமார் 18.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உள்ளே துருக்குழி தெரிந்தால் சுடாமல் நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.