கேள்வி-பதில்: காசு கொடுத்து வாங்கிய ஃபான்ட்

கேள்வி: இன்டர் ஃபான்ட்டைப் பணம் கொடுத்து வாங்கினேன். அதே ஃபான்ட் வேறு இடத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், தப்பு உங்கள் மேல் இல்லை. ராஸ்முஸ் ஆண்டர்சன் கணினித் திரைக்காக வரைந்த இன்டர், ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வெளியானது. வியாபாரத்துக்கும் சும்மா பயன்படுத்தலாம். ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கத்தான் கூடாது. அந்த நிபந்தனையைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: அலுவலகக் கடிதங்களுக்கு ஹெல்வெடிகா ஃபான்ட் வாங்கலாமா? ஏரியல் மட்டம் என்கிறார் நண்பர்.

பதில்: வேண்டாம். ஹெல்வெடிகா 1957-இல் பிறந்தது. 1982-இல் வந்த ஏரியலை, அதன் இடத்தில் போட்டாலும் வரி நகராதபடி அதே அகலத்தில் வரைந்தார்கள். வித்தியாசம் உங்கள் நண்பருக்கு மட்டும்தான் தெரியும்.

கேள்வி: விளம்பரப் படத்தில் அழகாக இருந்த சான்ஸ்-செரிஃப் ஃபான்ட் ஒன்றை வாங்கிப் பில்லுக்குப் போட்டேன். தொகைகள் ஒன்றின் கீழ் ஒன்று நிற்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: சந்தேகம்தான். இறக்கிய ஃபைலைத் திருப்பி வாங்கி அவர்கள் என்ன செய்வார்கள்? விளம்பரப் படத்தில் இருப்பது நான்கு வார்த்தை, அதுவும் ஆளுயரத்துக்கு. அந்த அளவில் எதுதான் அழகில்லை? நானும் விழுந்திருக்கிறேன். கம்பி போல மெலிந்த ஒன்றை ஒன்பது தடிமனிலும் மொத்தமாக வாங்கினேன். 9 பாயின்ட் என்ற சின்ன அளவில் அச்சடித்தால் ஆங்கிலச் சின்ன ஏ (a), சின்ன ஓ (o) இரண்டும் ஒரே வட்டம். ஒரு தடிமனைத்தான் பயன்படுத்தினேன். மற்ற எட்டும் இன்னும் தூங்குகின்றன. சான்ஸ்-செரிஃபில் எழுத்தின் நுனியில் குறுங்கோடு கிடையாது. அதனால் பெரிய ஐ (I), சின்ன எல் (l), சிலவற்றில் எண் 1 கூட வெறும் குச்சியாகிவிடும். கில் சான்ஸ் என்ற ஃபான்ட்டில் பாருங்கள், மூன்றுக்கும் வித்தியாசம் தேட வேண்டும். விற்கிற பக்கத்தில் பெரும்பாலும் தட்டிப் பார்க்க ஒரு பெட்டி இருக்கும். அதில் நம் பெயரை அடித்துப் பார்த்து மயங்காமல், பில்லை அப்படியே அடித்துப் பார்த்திருக்க வேண்டும். சரி, இப்போதைக்கு, ஃபான்ட்டின் கூடுதல் வசதிகளைக் காட்டும் ஓப்பன்டைப் அமைப்பில் ‘டேபுலர் ஃபிகர்ஸ்’ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எல்லா எண்ணும் ஒரே அகலத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: லோகோ செய்தவர் “ஃபான்ட் இலவசம்” என்றார். இப்போது லைசென்ஸ் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

பதில்: பாவம் நீங்கள். ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற வரியை அவர் விழுங்கியிருப்பார். முதலில் அந்த லைசென்ஸைப் படியுங்கள். கட்ட வேண்டியிருந்தால் கட்டிவிட்டு, தொகையை அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: வாங்கிய ஃபான்ட்டில் தமிழ் அடித்தால் பெட்டி பெட்டியாக வருகிறது.

பதில்: அதில் தமிழே இல்லை. மொழிப் பட்டியலைக்கூடப் பார்க்காமல் எப்படித்தான் வாங்குகிறீர்களோ! நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள்.